பஸ் ஏறாத வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

உங்கள் மூத்த மகள் வணக்கத்தோடு எழுதுவது. அம்மா, மூச்சிரைப்பு இப்போது பரவாயில்லையா? எனக்கு லேசான காய்ச்சல்தான், பயப்படாதே. போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மில் பஸ் ஊருக்குக் கிளம்பியது. கொரோனா நேரம், ஏறுமுன் நெற்றியில் காய்ச்சல் மெஷினைக் காட்டிப் பார்ப்பார்கள்; உடம்பு சுட்டால் ஏற்ற மாட்டார்கள். அறைத்தோழி என் நெற்றியில் ஈரத்துணியை அழுத்தி, "பேசாம போடி, மெஷினுக்கு என்ன தெரியும்," என்றாள். அவள் சொன்னபடியே மெஷினும் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் நர்ஸ் அக்கா, எல்லோரையும் கேட்பதுபோல், "உடம்பு நல்லாருக்கா கண்ணு?" என்றார். அம்மா, உன் இரைப்புச் சத்தம் காதில் கேட்டது. "இல்லக்கா, காய்ச்சல்," என்று சொல்லிவிட்டேன்.

"வாயே திறக்காதவ இன்னிக்கா திறக்கணும்?" என்று தோழி தலையில் அடித்துக்கொண்டாள்.

காய்ச்சலை மறைத்தால் கேஸ் போடும் போலீஸுக்குப் பயந்து இல்லை அம்மா. நான் ஏறியிருந்தால் காய்ச்சல் நம் வீட்டில்தான் இறங்கியிருக்கும்.

பதினான்கு நாள் தனி அறை. பஸ் திரும்பும்போது டிரைவர் அண்ணனிடம் என் தலையணையைக் கொடுத்து அனுப்பு. இங்கே உள்ளது கல்லாக இருக்கிறது. சாயங்காலம் போன் போடு. நீ பேசிக்கொண்டே இரு, நான் கேட்கிறேன்.

இதைப் படமெடுத்து அனுப்ப நர்ஸ் அக்கா ஜன்னலருகே காத்திருக்கிறார். தங்கச்சியிடம் நான் வரவில்லை என்று சொல்லாதே. இன்னும் கிளம்பவில்லை என்று சொல்.

உன் மகள்