வாத்துத் துப்பாக்கியில் யார் பெயர்?

ஓர்வல்,

சர்ச்சுக்குக் கிளம்பிவிட்டேன். மான்கறி சூப் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக் குடி. மதியம் நம் மகன் கர்ட்டிஸ் துப்பாக்கிகளை எடுத்துப்போக வருவான். பீரோ சாவி மாவு டப்பாவில்.

நமக்குப் பிறகு பிள்ளைகள் அடித்துக்கொள்ளக் கூடாது என்று இப்போதே பிரித்து, ஒவ்வொரு துப்பாக்கியிலும் பெயர் எழுதி ஒட்டினாய். நல்லதுதான். ஆனால் என் அப்பா எனக்குத் தந்த வாத்துத் துப்பாக்கியில் மகன் பெயரா? "உனக்கு இனிமே எதுக்குடி?" என்று நேற்று கேட்டாயே, போன வேட்டை சீசனில் நீ தின்ற வாத்தெல்லாம் யார் சுட்டது? அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டேன். துப்பாக்கி என் கட்டிலடியில் இருக்கிறது. எனக்குப் பிறகு மகள் மார்லிஸுக்கு.

லூயெல்லா

பி.கு.: மற்றதையெல்லாம் பார்த்தேன். எதிலும் என் பெயர் இல்லை. அதனால் என் பெயரை எழுதி உன் தொப்பியில் ஒட்டியிருக்கிறேன். தொப்பியும் அதற்கு அடியில் இருக்கிற மண்டையும் எனக்குத்தான். பிள்ளைகள் கேட்டாலும் கிடையாது.