பஞ்சு கருகாத பெட்டி

என் ஆசை அண்ணை,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த நினைவு மலரில் நானும் அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். "சொன்ன சொல் தவறாத அண்ணை" என்று தொடங்கியிருந்தேன். வந்தவர்கள் எல்லோருடைய கைக்கும் மலர் போய்விட்டது. அடுத்த நாள்தான், நான் உங்களுக்குச் செய்து தந்த அந்தப் பெட்டியை அண்ணி என்னிடம் தந்தா. அதனால்தான் இன்னொரு முறை எழுத வேண்டியதாயிற்று.

மூன்று வருடத்துக்கு முன்பு நெஞ்சடைப்புக்கு ஸ்டென்ற் குழாய் வைத்து உங்களை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். அடுத்த கிழமையே வோபர்னில் என் வீட்டுக்கு வந்தீர்கள். "பிள்ளை, சிகரெட்டை விடப்போறன். கடையில விக்கிற மின்சிகரெட், அந்த வேப், எனக்குச் சரிவராது. வோல்ற்றைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி நீ ஒண்டு செய்து தா. மாதம் மாதம் குறைச்சு, அப்பிடியே விட்டிடுவன்" என்றீர்கள். மார்க்கத்தில் சர்க்கியூட் போர்ட் செய்யும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக ஈயம் உருக்கிப் பற்றாசு பிடிக்கிறவள் நான். என் அண்ணை என் கைவேலையைக் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. உச்சி குளிர்ந்து போனேன்.

இரண்டு சனிக்கிழமை குசினியில் சாப்பாட்டு மேசையில் இருந்து செய்தேன். இரண்டு பற்றரி, வோல்ற்றைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன போர்ட், ஒரு திருகி, எண் காட்டும் ஒரு கண்ணாடிச் சதுரம், திரவத்தைச் சுட வைத்து ஆவியாக்கப் பஞ்சு திணித்த ஒரு கம்பிச் சுருள். முதல் போட்ட போர்ட் கையை வைக்க முடியாமல் சுட்டது. சட்டையின் நெஞ்சுப் பையில் வைக்கப்போகிற சாமான் அல்லவா? கழற்றி எறிந்துவிட்டுப் பெரியதாக ஒன்று போட்டேன். பயத்தில் பியூஸும் வைத்தேன். திருகியின் ஓரத்தில் நகப்பூச்சால், கூடின பக்கம் சிவப்புப் புள்ளி ஒன்று, குறைந்த பக்கம் பச்சைப் புள்ளி ஒன்று. "பச்சைக்கு வந்தியள் எண்டால் பெட்டியைத் தூக்கி எறியலாம்" என்றேன்.

அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் சாப்பிட வந்தீர்கள். வந்ததும் பொத்தானை அமத்தி எண்ணைக் காட்டுவீர்கள். "பார் பிள்ளை, நாலு தசம் ரெண்டு." அடுத்த மாதம் நாலு. எண் இறங்க இறங்க, நான் கணவாயும் நண்டுமாகச் சமைத்துப் போட்டேன். வேலையிடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஒரு ஞாயிறு, நீங்கள் என் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அஜக்ஸில் உங்கள் வீட்டிலிருந்து அண்ணி ஃபோன் எடுத்தா.

"இவர் இன்னும் விடேல்லை. கோட்டெல்லாம் சிகரெட் மணக்குது. நீராவது கேளுமன்" என்றா.

எனக்கு வந்ததே கோபம். "அண்ணி, மீற்றரை நான் என்ர கண்ணால பாக்கிறன். மனுசன் திருந்தினாலும் நம்பமாட்டன் எண்டு நிண்டால், அது உங்கட வருத்தம். அவரை நிம்மதியா விடுங்கோ" என்று கத்திவிட்டு வைத்தேன்.

நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். இன்னும் கொஞ்சம் குழம்பு விடச் சொன்னீர்கள்.

அன்றோடு வருவதை நிறுத்தினவதான், அண்ணி பிறகு என் வாசல் மிதிக்கவில்லை. என் மகளின் கலியாணப் பதிவு எழுத்துக்குக்கூட நீங்கள் தனியாகத்தான் வந்தீர்கள்.

இப்போது பெட்டியைத் தரும்போதும் "நீர் செய்தது, வைச்சிரும்" என்று மட்டும்தான் சொன்னா. வீட்டுக்கு வந்து, அதே மேசையில் வைத்துக் கழற்றினேன். கம்பிச் சுருளுக்குள் நான் வைத்த பஞ்சு வைத்தபடியே வெள்ளையாக இருந்தது. பாவித்தால் இரண்டு கிழமையில் கருகிவிடும் சாமான் அது. நான் ஊற்றிய திரவம் தடித்துப்போய்க் கிடந்தது. எனக்கு எண் காட்டத் திருகின திருகி மட்டும் நன்றாகத் தேய்ந்திருந்தது.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே சொல்லுவது, "லோட் குடுக்காமல் அளந்த வோல்ற்றை நம்பாதேங்கோ" என்றுதான். வேலை வாங்காமல் அளந்தால் சாகக் கிடக்கிற பற்றரியும் நல்ல எண்தான் காட்டும். ஊருக்குச் சொன்ன எனக்கு, "அண்ணை, ஒருக்கா இழுத்துக் காட்டுங்கோ" என்று கேட்க ஏன் வாய் வரவில்லை? தங்கச்சிக்கு முன்னால் புகை விடமாட்டேன் என்பது உங்கள் பழக்கம். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

சிகரெட்டை விட முடியாததற்கு எனக்குக் கோபமில்லை, அண்ணை. "ஏலாமல் கிடக்குது பிள்ளை" என்று சொல்லியிருந்தால் உங்களோடு இருந்து அழுதிருப்பேன். என்னை ஏமாற்றியதைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன். ஆனால் உண்மை சொன்ன மனுசியை என் வாயால் பொய்காரி ஆக்கிவிட்டு, எப்படி அந்தச் சோறு உங்களுக்கு இறங்கியது? அவ சொன்னதை அன்றே நான் கேட்டிருந்தால், நீங்கள் நெஞ்சுவலியில் போய், இந்த மாசி மாதத்தில் மலர் அடித்திருப்போமா?

மலரில் எழுதிய அந்த வரியை என் பேனையால் வெட்டிவிட்டேன். வெட்டிய மலரையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வருகிற ஞாயிறு அஜக்ஸுக்குப் போகிறேன். "நீங்கள் சொன்னதுதான் சரி அண்ணி" என்று வாசலில் நின்றே சொல்லுவேன். கதவு திறக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் போவேன். உங்களுக்குச் சமைத்த ஞாயிறுகள் எல்லாம் இனி அவவுக்குத்தான். இது நான் தருகிற சொல், இதை ஆரும் இழுத்துப் பார்க்கலாம்.

மீற்றரை அல்ல, உங்களை நம்பிய
தங்கச்சி வசந்தி