மீசையைப் பந்தயம் கட்டியவனுக்கு

இன்று காலை கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறியதும் தைல வாசனை மூக்கில் அடித்தது. நம் பெட்டியில் அந்த நேரத்துக்கு வருவது மீன்கூடை வாசனைதான். அதற்கு மேலே யாராவது அவசரத்தில் அப்பிக்கொண்டு வந்த பவுடர் வாசனை. தைலம் புதிது. பார்த்தால் நம் காலேஜ் பையன்கள் ஐந்தாறு பேர். வலைப்பையில் பந்துகள். ஒருவன் பேண்ட்டைச் சுருட்டிவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை லீகின் முதல் ஆட்டம், பயிற்சிக்குப் போகிறார்கள்.

"எத்தினி வாங்குவோம்னு நெனைக்கிற?" என்று ஒருவன் கேட்டான்.

"போன தபா நாலு. இந்த தபா மூணோட நிறுத்திட்டோம்னு வையி, நாமதான் மச்சி கெலிச்சோம்" என்றான் தைலக்காரன்.

நீ இருந்திருந்தால் "தோக்கறதுக்கு இன்னாத்துக்குடா தைலம்?" என்று நடுவில் போய் உட்கார்ந்திருப்பாய். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் தண்டையார்பேட்டையில் இறங்கினார்கள். ஜன்னலோர இடம் ஒன்று காலியானது, நீ உட்காரும் பக்கம். நீ போய் எட்டு மாதம் ஆகிறது, அந்த இடத்தில் நான் உட்கார்ந்ததில்லை. துக்கம் என்றெல்லாம் இல்லை. உனக்குப் பக்கத்து இடத்திலேயே பத்து வருடம் போய் வந்து பழகிவிட்டது, அவ்வளவுதான். இன்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததால்தான் இந்த மடல்.

அந்தக் காலேஜில் படித்தவன் நான். பி.காம். கால்பந்து அணியிலும் இருந்தேன். மூன்று வருடத்தில் மொத்தம் பதினோரு நிமிடம் மைதானத்தில் ஓடியிருக்கிறேன், மற்ற நேரமெல்லாம் பெஞ்சு. நீ அந்தக் கட்டடத்தின் படி ஏறியதில்லை. பத்தாவதில் கோட்டை விட்டு, துறைமுகத்துக் கோடவுனில் மூட்டைக்குப் போய், அப்புறம் வள்ளூர் பக்கம் அனல்மின் நிலையத்தில் என்னோடு காண்ட்ராக்டில் சேர்ந்தவன். ராயபுரத்தில் உன் வீட்டுச் சந்துக்கு முன்னால் காலேஜின் பின்சுவர் இருந்தது. அந்த ஒரு உறவை வைத்துக்கொண்டு "நம்ம காலேஜி" என்பாய். வெளியே சொன்னதில்லை, சில நாள் எனக்கு அது சுருக்கென்று இருக்கும். படித்தவன் நான், கொண்டாடுகிறவன் நீ.

காலேஜுக்குச் சொந்த மைதானம் கிடையாது. தண்டையார்பேட்டை தாண்டி, தண்டவாளத்தை ஒட்டிய மைதானத்தைத்தான் பயிற்சிக்கு எடுப்பார்கள். நம் காலை ரயில் அந்த இடத்தில் சிக்னலுக்காகத் தவழும். நாற்பது எண்ணுவதற்குள் மைதானம் போய்விடும். அந்த நாற்பது எண்ணிக்கையில் நீ பார்ப்பதுதான் நமக்கு அந்த சீசன். அதற்குப் பிறகு அத்திப்பட்டு வரை வாதம். காசிமேட்டில் மீன் எடுத்து மீஞ்சூரில் விற்கும் கன்னியம்மா அக்கா முதல், உன்னைப் பேஜார் பண்ணுவதற்காகவே ஊரின் பெரிய காலேஜ் பக்கம் நிற்கும் வெல்டர் தாஸ் வரை, பெட்டியே உன் வாயைப் பார்க்கும். நான் உனக்குப் பக்கத்தில் இருந்து, உன் தலைக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே தெரிந்ததைப் பார்ப்பேன். விளையாடியவன் என்று என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மூன்று வருடத்துக்கு முந்தைய கோடையில் மைதானத்தில் புதிதாக ஒரு கூட்டம் தெரிந்தது. நம் பையன்கள் பந்தைத் துரத்துவார்கள், இவர்கள் பந்தைக் காத்திருக்க வைத்தார்கள். யாருக்கும் சீருடை இல்லை, ஆளுக்கொரு பனியன். நீ ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பேர் வைத்துவிட்டாய். உயரமாகப் பின்னால் நிற்பவன் ஏணி. நடுவில் நின்று கையை ஆட்டிக்கொண்டே இருப்பவன் டிராபிக் போலீசு. இடது ஓரத்தில் காற்றாகப் பறக்கும் இடதுகால்காரன் பீச்சாங்காலு. அவன் மேல்தான் உனக்கு உயிர்.

"அக்கா, இன்னிக்கு பீச்சாங்காலு ரெண்டு பேர சுத்தி உட்டான் பாரு, சோக்கா கீது" என்பாய். கன்னியம்மா அக்கா கூடையை நகர்த்தி வைத்துவிட்டு, "அவனுக்கு ஒடம்பு பத்தலடா, யாராச்சும் நல்லா துன்னச் சொல்லுங்கோ" என்பார். கத்திரி வெயில் முழுக்க இதே பேச்சு. கடைசிக்கு முந்தைய இடம் வந்தாலே கொண்டாடுகிற நமக்கு, முதன்முறையாக ஜெயிக்கிற நினைப்பு வந்தது. முதல் ஆட்டமே தாஸின் பெரிய காலேஜோடு என்று தெரிந்ததும் நீ இருக்கையைத் தட்டிச் சிரித்தாய்.

ஆட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, திருவொற்றியூரில் ஆதார் அட்டையில் ஒரு திருத்தம் போடுவதற்கு நான் விடுப்பு எடுத்தேன். உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன். அலுவலகம் திறக்கப் பத்து மணி ஆகும். அந்த பீச்சாங்காலைக் கிட்டத்தில் பார்க்கலாமே என்று முந்தைய ரயிலில் போய், தண்டையார்பேட்டையில் இறங்கி நடந்து, மைதானத்துக் கம்பிவேலி ஓரமாக நின்றேன். பையன்களின் பைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பெரிய காலேஜின் சின்னம்.

தண்ணீர் குடிக்க வந்த ஒருவனைக் கேட்டேன். எங்கள் மைதானத்தில் புதுப் புல் போடுகிறார்கள் அங்கிள், அதனால்தான் காலையில் மட்டும் இங்கே என்றான். அப்போ ராயபுரம் காலேஜ் பசங்க எங்கே என்றேன். "அவங்க ஈவ்னிங் வருவாங்க. வந்தா வருவாங்க" என்று சிரித்தான். மாலையில் நம் ரயில் அந்தப் பக்கம் திரும்பும்போது இருட்டியிருக்கும், நமக்கு எங்கே தெரியும். இரண்டு மாதமாக நாம் எதிராளியை ரசித்துக்கொண்டிருந்தோம். நான் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே நீ வரும் ரயில் தவழ்ந்து போனது. நிமிர்ந்து பார்த்தேன். வரிசையாக ஜன்னல் கம்பிகள்தான் தெரிந்தன, ஒரு முகமும் பிடிபடவில்லை.

மறுநாள் எனக்கு இடம் போட்டிருந்த துண்டை எடுத்துக்கொண்டே நீ கேட்டாய்: "நேத்து எங்க மாமு போன?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் பெட்டியே சிரித்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். ஆனால் வாயைத் திறந்தபோது வேறு வந்தது. "வவுறு சரியில்ல மாமு. வூட்லயே படுத்துகினு இருந்தேன்."

"ஓ" என்றாய். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாய்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலநாள் எனக்கு நானே நல்ல காரணங்கள் சொல்லியிருக்கிறேன். உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்பது அதில் ஒன்று. பொய். ஒரே ஒரு நாள், எல்லோர் முன்னாலும் உன் மூஞ்சி தொங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டேன். அன்றைக்காவது இந்தப் பெட்டிக்கு யார் விளையாடியவன் என்று நினைவு வரும் என்று எதிர்பார்த்தேன். ஒரு தீக்குச்சி அளவு பொறாமை, அதற்கு மேல் இல்லை.

அந்தப் பொய்யைச் சொன்ன அன்றைக்கே தாஸ் உன்னைக் கலாய்க்க ஆரம்பித்தான். ஜெயிச்சிடும் ஜெயிச்சிடும்னு சொல்றியே, தோத்தா இன்னா பண்ணுவ என்றான். நீ சாதாரணமாகச் சொன்னாய்: "தோத்தா மீசைய எடுத்துடறேன்."

பெட்டிக்கு அது வெறும் மீசை. அதன் கீழே என்ன இருக்கிறது என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தான். பத்தொன்பது வயதில் கோடவுனில் இரும்புக் கயிறு அறுந்து வந்து உன் மேலுதட்டைக் கிழித்தது. ஏழு தையல். உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஒட்டுவாயன் என்று கோடவுனில் கூப்பிட ஆரம்பித்ததும் மீசை வளர்த்தாய். அதற்குப் பிறகு உன் பெண்டாட்டிகூட மீசை இல்லாமல் உன்னைப் பார்த்ததில்லை என்று ஒருமுறை சொன்னாய். அதைத்தான் பந்தயம் கட்டினாய். கட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"இன்னா மாமு, எடுக்க வேண்டி வருமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏழெட்டு வருடத்தில் முதன்முறையாக அந்தப் பெட்டி ஆட்டத்தைப் பற்றி என் வாயைப் பார்த்தது. நான் சொன்னேன்: "நம்ம பசங்கோ ஜெயிச்சிடுவானுங்கோ. தைரியமா இரு."

ஆட்டத்தன்று நாம் நால்வரும் போனோம், கன்னியம்மா அக்கா வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். பெரிய காலேஜ் பையன்கள் நீலச் சட்டையில் ஓடி வந்தார்கள். முதலில் ஏணி, அப்புறம் போலீசு, கடைசியில் பீச்சாங்காலு. தாஸுக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். கன்னியம்மா அக்கா, "அய்ய, இவனுங்களுக்கா நான் இம்மா நாளா வேண்டிகினேன்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நீ மைதானத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். ஆச்சரியம் எதுவும் உன் முகத்தில் இல்லை. அப்போது அதை நான் சரியாகக் கவனிக்கவில்லை, உன் மூஞ்சி எப்போது தொங்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

தொங்கவேயில்லை. நீ நம் பையன்களுக்காக ஆட்டம் முடியும் வரை கத்தினாய். ஆறு கோல் வாங்கினோம். ஆறாவது கோலுக்குப் பிறகும் கத்தினாய்.

திங்கட்கிழமை மீசை இல்லாமல் வந்தாய். தாஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், உன் உதட்டைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். கன்னியம்மா அக்காதான் பேசினார். "இத்தயா நைனா இத்தினி வருஷமா மறச்சிகினு இருந்த? ஒண்ணியும் கெட்டுப்போவல." தாஸ் அன்றைக்கு உன்னை ஜன்னல் பக்கம் தள்ளி உட்காரச் சொல்லி, தன் டிபனில் பாதியைப் போட்டான். உன் கௌரவம் ஒரு பிடி கூடித்தான் போனது. நான் ஆசைப்பட்டது நடக்கவில்லை, அதற்காகக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு நீ மீசை வளர்க்கவில்லை. அடுத்த இரண்டு சீசனும் எனக்குத் துண்டு போட்டு இடம் பிடித்தாய், நாற்பது எண்ணுவதற்குள் பார்த்ததை வைத்து அத்திப்பட்டு வரை பேசினாய். ஒரு நாளும் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. தெரியாததால் கேட்கவில்லை என்று நானும் நிம்மதியாக இருந்தேன். போன கார்த்திகையில் நெஞ்சு வலிக்கிறது என்று வேலை இடத்திலேயே உட்கார்ந்தாய், ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. தெருமுனையில் வைத்த பேனரில் பழைய போட்டோ, மீசையோடு. வீட்டில் அதுதான் இருந்ததாம். அதன் கீழே என் பேரையும் போட்டிருந்தார்கள், உயிர்த்தோழன் என்று. படித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

இன்று காலைக்கு வருகிறேன். உன் இடத்தில் உட்கார்ந்தேன் என்றேன் அல்லவா. ரயில் சிக்னலுக்குத் தவழ்ந்தது, மைதானம் வந்தது. கம்பிவேலி ஓரமாக ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். தாஸ். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நம் பையன்களைப் பார்க்க வந்திருக்கிறான் போல. இடது கையில் ஹெல்மெட். வலது கையில் டீ, அதை ஊதி ஊதிக் குடித்ததுகூடத் தெரிந்தது. சட்டைப் பையில் செருகியிருந்த பேனா தெரிந்தது. அவன் ரயிலை நிமிர்ந்து பார்த்தான். நான் கையை ஆட்டினேன். அவன் கண்ணுக்கு நான் படவில்லை. ஜன்னல் ஜன்னலாகத் தேடிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

அன்றைக்கு நான் நின்றதும் அதே வேலி ஓரம்தான். ஒரு நாள் தவறாமல் அந்த மைதானத்தையே பார்த்துக்கொண்டு போனவன் நீ. எனக்கு உன் முகம் தெரியவில்லை என்பதால் உனக்கும் என் முகம் தெரிந்திருக்காது என்று மூன்று வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் அங்கே நின்றதைப் பார்த்துவிட்டு, மறுநாள் வயிற்றுவலி என்று சொன்னதையும் கேட்டுக்கொண்டாய். எதையோ மறைக்கிறான் என்று புரிந்திருக்கும். என்ன என்பது தெரிந்ததா, அதை இனி உன்னைக் கேட்க முடியாது. ஆனால் நீ மீசையைப் பந்தயம் கட்டியது தாஸோடு இல்லை. ஒட்டுவாயன் என்று ஊர் சிரிக்க வைக்கும் அளவுக்கு இவன் போவானா, அதற்கு முன்னால் வாயைத் திறப்பானா என்று பார்த்தாய். எல்லோர் முன்னாலும் என் பக்கம் திரும்பிக் கேட்டு, எனக்கு இன்னொரு தடவை வழி விட்டாய். நான் தைரியமாக இரு என்றேன். தெரிந்தே அதற்குப் பிறகு இரண்டு வருடம் எனக்குத் துண்டு போட்டிருக்கிறாய். வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு வயதுக்கு மேல் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று நினைக்கவில்லை.

அத்திப்பட்டில் இறங்காமல் மீஞ்சூர் வரை போய்விட்டேன். பிளாட்பாரத்தில் கன்னியம்மா அக்கா கூடையை இறக்கிவிட்டு, "இன்னா, இஸ்டேசன உட்டுட்டியா?" என்று கேட்டார். எதிர்ப்பக்க ரயிலுக்கு அரைமணி இருந்தது. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நேற்று எங்கே போனாய் என்று அன்றைக்குக் கேட்டாயே. மைதானத்துக்குத்தான் போனேன் மாமு. அவனுங்கோ நம்ம பசங்கோ இல்ல.