முப்பதைக் கழித்தேன்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. நாமக்கல் லாரிப் பட்டறையில் ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம். டிரைவர்கள் 31 பேர். எலியின் ரத்தக்குழாயை வளையம் வளையமாக நறுக்கி, அது சுருங்குவதையும் விரிவதையும் பார்த்தே இருபத்திரண்டு வருஷம் போச்சு. இப்போதுதான் மனுஷக் குழாய்க்கு வந்திருக்கிறேன். எலி கேள்வி கேட்காது.

வழக்கம்போல பிரஷர் மெஷினை முதலில் என் கையில் கட்டிச் சரிபார்த்தேன். எனக்கு எப்போதும் 120. காலேஜ் நாளிலிருந்து அதுதான். இன்று 150. மூன்று தடவையும் 150. புது மெஷின், சூட்டில் கெட்டிருக்கும். லேப் டெக்னீஷியன் கவிதா, "என் கையிலயும் பாத்துருங்க மேடம்" என்று நீட்டினாள். வேண்டாம் என்றேன். எல்லாருக்கும் 30 கழித்து எழுதச் சொன்னேன். சிலருக்கு 90 வந்தது. களைப்பு என்று குறித்தேன்.

செல்லமுத்து, 48, திருச்செங்கோட்டுப் பக்கம். காட்டியது 168. கழித்து 138.

"பின்மண்டை பாரமா இருக்குதுங்க மேடம். நாளைக்கு ஜவ்வரிசி லோடு, நாக்பூருக்கு. போலாமுங்களா?"

"தாராளமா போங்க."

வாங்க வேண்டியது: புதினா, டார்ச் பேட்டரி, வீட்டில் இவருக்கு இருமல் மருந்து.

ஜூன் 11, புதன்

சேலம். மூடாக்கு, புழுக்கம். மெஷின் கம்பெனி ஆள் வந்தார். பாதரசக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "மெஷின்ல ஒரு தப்பும் இல்லைங்க." கவிதாவுக்குக் கட்டினார். 112. எனக்கு 152. பாதரசத்திலும் அதேதான்.

கவிதா என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலில் என்னை நினைத்துத்தான் பயம். உண்மையைச் சொல்லித் தொலைக்கிறேன். உள்ளே குழாய்ச் சுவர் தடித்துக்கொண்டிருக்கும், எதெது எப்படி என்று படம் போட்டுப் பாடம் எடுத்தவள் நான். கடைசியாக எப்போது பார்த்துக்கொண்டேன்? ஞாபகமே இல்லை. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் ஊறுகாய் ஜாடி மாயமாகிவிடும்.

பாத்ரூமில் முகம் கழுவும்போதுதான் உறைத்தது. அந்த முப்பது. 31 பேர். யா அல்லாஹ், என்ன செய்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து போன். எல்லாரையும் திரும்ப வரச் சொல்லி. 30 பேர் கிடைத்தார்கள். செல்லமுத்து மட்டும் எடுக்கவில்லை. லாரி ஓனர் கூப்பிட்டும் எடுக்கவில்லையாம். பிறகு செல்லமுத்துவின் மனைவி நம்பர் கிடைத்தது.

"வண்டி ஓட்டறப்ப போன் எடுக்க மாட்டாருங்க. ஏனுங்க மேடம், ஏதாச்சுங்களா? நீங்கதான் நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களாமா. இனிமே எதுக்குன்னு பிரஷர் மாத்திரைய ஊட்லயே வெச்சுட்டுப் போயிட்டாருங்க."

மாத்திரை சாப்பிடுகிறவரா என்று நான் கேட்கவே இல்லை. படிவத்தில் அந்தக் கட்டம் காலி. கவிதாவைத் திட்டினேன். அவள் மேல் தப்பில்லை.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும். எனக்குத் தெரியும். தெரிந்து என்ன.

தொழுகையில் எத்தனை ரக்அத் முடித்தேன் என்ற எண்ணிக்கையை இரண்டு தடவை மறந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

லேசான தூறல். 11.40க்கு, ஓட்டிக்கொண்டே எடுத்துவிட்டார்! ஆதிலாபாத் தாண்டியாச்சாம்.

"மேடமுங்களா! நல்லா இருக்கறனுங்க. தலபாரந்தான் இன்னும் விடலீங்க. இடது கை மரமரங்குது. கியர் போட்டுப் போட்டு அப்படித்தானுங்க ஆகும்."

"உடனே ஓரங்கட்டுங்க. ஓட்டாதீங்க."

"அன்னிக்குப் போலாம்னீங்க. இன்னிக்கு நிக்கச் சொல்றீங்க. எதுங்க நெசம்?"

"இன்னிக்குச் சொல்றதுதான். அன்னிக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். என் தப்புங்க."

கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

"இங்க நிறுத்த எடமில்லீங்க மேடம். பத்துக் கிலோமீட்டருல டாபா. அங்க போயி நிறுத்திட்டுக் கூப்புடறனுங்க."

இங்கேயே நிறுத்துங்க என்று கத்தினேன். அதற்குள் போனை வைத்துவிட்டார்.

12.05. கூப்பிடவில்லை.

12.20. நானே போட்டேன். ரிங் போகிறது.

12.35. ரிங் போகிறது.