மெத்தையில் கால் சத்தம் கேட்காது

பிப்ரவரி 7, சனி

கால் சுண்டுவிரல் ஒடிந்துவிட்டது. மெத்தைக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் விரலை ஒடித்துக்கொண்டு வந்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். அண்ணி பிடித்து உட்காரவைத்துவிட்டார். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, எங்களோடுதான் இருக்கிறார். அதோடு இந்தத் தெருவின் ஒழுங்குப் பொறுப்பாளர். கையில் சிவப்புப் பட்டை. தூங்கும்போதாவது அதைக் கழற்றுவாரோ என்னவோ, நான் பார்த்ததில்லை.

"மெத்தை மேல விழுந்தா விரல் ஒடியுமா?"

"மெத்தை மேல விழலை அண்ணி. மெத்தையிலேர்ந்து கீழ விழுந்தேன்."

"மெத்தை மேல ஏறி நின்னு என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"சோதனை. ஸ்பிரிங் தாங்குதான்னு மிதிச்சுப் பார்ப்போம்."

பொய் சொல்லவில்லை. மிதிக்கத்தான் மிதிக்கிறோம். எப்படி மிதிக்கிறோம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விரலுக்கு இரண்டு பக்கமும் ஐஸ் குச்சியை வைத்து இறுக்கிக் கட்டினார். உயிர் போய்த் திரும்பி வந்தது. "கோணிக்கிட்டுதான் சேரும், பார்த்துக்கோ" என்றார். ஆனாலும் பக்குவமான கை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

லீவு. காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி இருக்கிறேன்.

ஆட்டம் கூடாது என்று சட்டம் வந்து ஆறு வருடம் ஆகிறது. பாட்டுக்கு உடம்பு அசையக் கூடாது, காலில் தாளம் வரக் கூடாது. பக்கத்துத் தெருவில் ஒருவர் மகள் கல்யாணத்தில் சந்தோஷம் தாங்காமல் இரண்டு எட்டுப் போட்டார். ஒழுங்கு முகாமில் ஆறு மாதம் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவர் இன்னும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எங்கள் கம்பெனியில் சோதனை அறை என்று ஒன்று உண்டு. வாசலோரம் தவிரத் தரை முழுக்க மெத்தை. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் நாங்கள் ஏழு பேர் அங்கே ஒதுங்கிவிடுவோம். ஆரம்பித்துவைத்தவள் பேக்கிங்கில் இருக்கிற பம்பரம். தடைக்கு முன்னால் மேடையில் ஆடியவள். பார்த்தால் பீப்பாய், சுழன்றால் பம்பரம். பாட்டெல்லாம் கிடையாது. அவள் புருவத்தால் தாளம் போடுவாள், அதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் ஆடுவோம். எவ்வளவு குதித்தாலும் வெளியே மூச்சுகூடக் கேட்காது. மெத்தை எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

அவளைத் தவிர எங்களில் யாரும் தடைக்கு முன் ஆடியதில்லை. நான் மெத்தை விளிம்பு தைக்கிறவள். நாற்பது தாண்டி முதல்முறையாக அந்த மெத்தையில் கால் வைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த வாரமே பைத்தியம் பிடித்துவிட்டது. இப்போது மற்ற நாளெல்லாம் தைப்பதே சனிக்கிழமை வரும் என்றுதான்.

ஒரே ஒரு ஆசை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாராவது இதைப் பார்த்து "இது ஆட்டம்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் முகாம்! அதுதானே சிக்கல்.

பிப்ரவரி 21, சனி

மாட்டிக்கொண்டோம்!

கம்பெனிக்கு விளம்பரப் படம் எடுக்க ஒரு பெண் வந்திருக்கிறாள், சின்னப் பெண்தான். இதுவரை அரசாங்கத்துக்குச் சாலை விதிப் படம் எடுத்தவளாம். கதவைத் தட்டாமல் சோதனை அறைக்குள் வந்துவிட்டாள். ஏழு பேரும் காற்றில் இருக்கிறோம், நான் விரல் கட்டோடு. கீழே இறங்குவதற்குள் பம்பரம் முந்திக்கொண்டாள்: "ஸ்பிரிங் சோதனை!"

அந்தப் பெண் அசையாமல் நின்றாள். கண் கலங்கிவிட்டது. "எத்தனை வருஷமாச்சுக்கா இதைப் பார்த்து" என்றாள்.

பார்த்துவிட்டாள். ஒருத்தி பார்த்துவிட்டாள்!

மார்ச் 7, சனி

கேமராக்காரி திட்டத்தோடு வந்தாள். மெத்தை விளம்பரத்துக்கு வாங்கிய அனுமதியை வைத்தே ஒரு சின்னப் படம். மெத்தை தைக்கிற ஒருத்தி. மிதித்துப் பார்க்கிறாள், மிதி நடையாகிறது, நடை ஆட்டமாகிறது. வசனமே கிடையாது. தலைப்பு 'நல்ல தூக்கம்'. தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடும். முகம் காட்டமாட்டாள், கழுத்துக்குக் கீழேதான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்றேன். "சோறு நிறைய இருந்தா மறைச்சுடலாம்க்கா" என்கிறாள்.

முதலாளியிடம் சொன்னாளாம். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "நான் எதையும் பார்க்கலை. மெத்தை நல்லாத் தெரியணும்" என்றாராம்.

அந்த ஒருத்தியாக நடிக்கப் போவது யார்? நான்! பம்பரம் பெரிய மனசோடு சொல்லிவிட்டாள்: "நான் நின்னா மெத்தை தெரியாதுடி."

மார்ச் 10, செவ்வாய்

தூக்கம் இல்லை. பிடிபட்டால் நான் மட்டுமா? வீட்டுக்காரரின் பஸ் டிரைவர் வேலை போகும். அண்ணியின் பட்டை போகும். வீடும் போகும். எதற்கு? மூன்று நிமிடம் காலைத் தூக்கி ஆட்டுவதற்கா? உனக்கென்னடி வந்தது, பேசாமல் தைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதானே?

காலையில் அண்ணி பாத்திரம் கழுவும்போது பார்த்தேன். சட்டை, புடவையெல்லாம் நனைந்தாலும் பட்டை நனையாமல் கையைத் தூக்கிக்கொண்டே கழுவுகிறார். இவருக்குத் தெரிந்தால் என்னை முகாமுக்குத் தானே கொண்டுபோய் விட்டுவிட்டு, வழியில் சாப்பிட டிபனும் கட்டிக் கொடுப்பார்.

மார்ச் 11

போகிறேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

மார்ச் 28, சனி

படம் எடுத்தாயிற்று. சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது, எழுத முடியவில்லை.

இடம் ஒரு பழைய மரக் கிடங்கு. மெத்தைக் காட்சியெல்லாம் கம்பெனியிலேயே முடிந்துவிட்டது, கடைசியில் ஏழு பேரும் சேர்ந்து ஆடுகிற ஆட்டம் மட்டும் அங்கே, பலகைத் தரையில். பக்கத்திலேயே மரம் அறுக்கிற மில் ஓடுவதால் வெளியே எதுவும் கேட்காது.

பம்பரம் புருவத்தைத் தூக்கினாள். ஏழு பேரும் காலை வைத்தோம்.

டப்!

அவ்வளவுதான். அப்படியே உறைந்து நின்றோம். வெட்டும் மெஷினில் இருக்கிற ஒட்டடைக்குச்சி, ஆறடி உயரத்து மனிதர், ஒரு காலைத் தூக்கியபடியே வாசலைப் பார்க்கிறார். இன்னொருத்தி கையைத் தலைக்குமேல் தூக்கிச் சரணடைந்தேவிட்டாள். யாரோ வந்துவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வந்தவர் ஒருவரும் இல்லை. அது எங்கள் கால்!

இத்தனை வருடம் ஆடியிருக்கிறோம், எங்கள் கால் சத்தத்தை நாங்கள் கேட்டதே இல்லை. மறுபடி ஆரம்பித்தோம். டப் — மறுபடி எல்லோரும் சிலை. கேமராக்காரி கேமராவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள், கண்ணில் தண்ணீர் வர வரச் சிரிக்கிறாள். "யாரும் வரலை, நீங்கதான், நீங்கதான்" என்று கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இன்னொரு கூத்து. மெத்தையில் புதைந்த காலைப் பிடுங்கி எடுத்தே பழகியவர்கள் நாங்கள். பலகையிலும் முழங்கால் மார்பு வரைக்கும் போகிறது. "தரை சரியில்லை" என்றேன். பம்பரம் விடுவாளா? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சபையிலேயே மானத்தை வாங்கினாள். கேமராக்காரிதான் தடுத்தாள். "மாத்தாதீங்கக்கா. இது உலகத்துல எங்கேயும் இல்லாத ஆட்டம். இப்படியே ஆடுங்க."

சாயங்காலம் ஒருவழியாகப் பயம் தெளிந்தது. தெளிந்தபிறகு நிறுத்த முடியவில்லை. டப் டப் என்று என் கால் பேசுகிறது, நான் கேட்கிறேன். இவ்வளவு கனமாகவா மிதிக்கிறேன் நான்? நன்றாக இருக்கிறதே!

ஏப்ரல் 11, சனி

தணிக்கை அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டார். அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால்.

கேமராக்காரி அவர் பேசியதை அப்படியே பேசிக் காட்டினாள். "மெத்தை நல்லாயிருக்கு. ஆளுங்க குதிக்கிறாங்க, சரி, உடற்பயிற்சி. ஆனா கால் சத்தம் தாளமா வருதே? தாளம் வந்தா ஆட்டம். சத்தத்தை எடுத்துடுங்க, கையெழுத்துப் போடறேன்."

எடுத்துவிட்டார்கள். இனி அது ஊமைப் படம். கால் விழுகிறது, சத்தம் இல்லை. ஏழு பேருக்கு வலிப்பு வந்த மாதிரி இருக்கும். பார்க்கிறவன் சிரிப்பான். இதற்கா இவ்வளவு பயந்து செத்தேன்? போங்கடா நீங்களும் உங்க கையெழுத்தும்! என் காலை இப்பத்தான் நானே கேட்டேன். அதுக்குள்ள பிடுங்கிக்கிட்டாங்களே, பாவிங்க.

பம்பரம் ஒரு பாக்கெட் பிஸ்கட்டைப் பிரித்துத் தானே முழுவதையும் தின்றாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். இடி விழும் என்று காத்திருந்தேன்.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"தூக்கத்துல என்னை உதைக்கிறே. தாளம் தப்பாம உதைக்கிறே."

நான் சிரித்து முடித்ததும், அண்ணிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "நம்ம தெருவுல இந்த ஆறு வருஷத்துல ஒருத்தர் முகாமுக்குப் போயிருக்காங்களா, யோசிச்சுப் பாரு" என்றார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அண்ணிக்குப் பயந்து யாரும் விரலைக்கூட அசைப்பதில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 22, புதன்

படம் வெளிவந்துவிட்டது. தியேட்டரில் கொல்லென்று சிரிக்கிறார்களாம். ஒட்டடைக்குச்சி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அழவில்லை. வெங்காயமும் நறுக்கவில்லை. கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது.

ஏப்ரல் 24, வெள்ளி

கெட்டது குடி. நாளை அதே தியேட்டரில் மதியக் காட்சிக்கு அண்ணிக்குக் காவல் வேலை. படம் ஓடும்போது யாராவது அசைகிறார்களா என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம். துணைக்கு ஒரு சீட்டு உண்டு.

"நீயும் வா. தனியா உட்கார்ந்தா தூங்கிடுவேன்" என்கிறார்.

தலைவலி என்றேன். மாத்திரை எடுத்துக் கொடுத்து, நான் விழுங்குகிறேனா என்று நின்று பார்த்தார்.

ஏப்ரல் 25, சனி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

கூட்டம் நிறைந்திருந்தது. நானும் அண்ணியும் கடைசி வரிசைக்கு முந்தின வரிசை. விளக்கு அணைந்ததும் 'நல்ல தூக்கம்'. என் கை தைக்கிறது, என் கால் மெத்தையில் ஏறுகிறது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தான். நான் நாற்காலிக்குள் புதைந்துகொண்டேன்.

பலகைத் தரை வந்தது. என் பாதத்தைத் திரை முழுக்கப் பெரிதாகக் காட்டினாள் அந்தப் பெண். திரை முழுக்க என் கோணல் சுண்டுவிரல்! முகத்தைக் காட்டமாட்டேன் என்று சொன்னவள், விரலைப் பற்றி நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

அண்ணி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"செருப்பைக் கழட்டு."

கழற்றினேன். வேறு என்ன செய்ய? திரை வெளிச்சத்தில் குனிந்து என் காலைப் பார்த்தார். "நான் போட்ட கட்டு" என்றார், அவ்வளவுதான். பஸ் வேலை, வீடு, பட்டை, எல்லாம் போயிற்று என்று முடிவே செய்துவிட்டேன்.

திரையில் கால்கள் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தன. மறுபடியும் சிரிப்பு. என் முழங்கால் மார்பு வரை ஏறி, பாதம் கீழே வந்தது —

டப்.

சத்தம் திரையிலிருந்து வரவில்லை. என் பக்கத்திலிருந்து வந்தது. அண்ணி நேராகப் பார்த்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அடுத்த கால் இறங்கியது. டப். இம்மிகூடத் தப்பவில்லை.

டார்ச்சோடு தியேட்டர்காரர் ஓடிவந்தார். "யாரும்மா அது?"

அண்ணி வெளிச்சத்தில் பட்டையைக் காட்டினார். "நான்தான். கால் மரத்துப்போச்சு, உதறினேன். அதுக்கும் சட்டம் இருக்கா?"

எங்கள் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல்: "எனக்கும் மரத்துப்போச்சு சார்." டப். இந்தப் பக்கம் ஒரு அம்மா: "எனக்கு ரெண்டு காலும்." டப் டப். அப்புறம் யார், எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. தியேட்டரே மிதித்தது. திரையில் நாங்கள் காலைத் தூக்க, இவர்கள் இறக்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை. தியேட்டர்காரர் டார்ச்சை அணைத்துவிட்டார்.

நான் அழுதேன். நன்றாக, மூக்கு ஒழுக அழுதேன். அண்ணி தன் கைக்குட்டையை என் மடியில் போட்டார்.

படம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். வாசலில் சாவியைத் தேடும்போது கேட்டுவிட்டேன்: "என்ன எழுதிக் கொடுக்கப் போறீங்க அண்ணி?"

"வழக்கமா எழுதறதுதான். யாரும் அசையலை."

வழக்கமாக! அப்படியென்றால் இந்த ஆறு வருடமும்... நான் ஒரு மடச்சி. வீட்டுக்காரர் அன்றைக்கே சொன்னார், எனக்குத்தான் உறைக்கவில்லை.

ஏப்ரல் 29, புதன்

படத்தைத் தூக்கிவிட்டார்கள். கேமராக்காரியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போட்டது அதிகாரி, சத்தத்தை எடுக்கச் சொன்னதும் அதிகாரி, அவளை என்ன செய்வது? விட்டுவிட்டார்கள். இனி ஆறு மாதத்துக்குச் சாலை விதிப் படம் மட்டும்தான் எடுக்க வேண்டுமாம். "சிக்னல்ல நிக்கிறவங்களுக்குக் கால் மரத்துப்போகாதாக்கா?" என்று கேட்கிறாள். இவள் உருப்பட மாட்டாள். நன்றாக இருக்கட்டும்.

வீட்டுக்காரர் சொல்கிறார்: இன்றைக்குப் பஸ்ஸில் நின்றவர்களில் பாதிப் பேருக்குக் கால் மரத்துப்போயிற்றாம். இவரும் ஹாரனை அதற்கேற்ற மாதிரி அடித்திருக்கிறார். மனுஷன் வயசுக்குத் தகுந்த மாதிரியா நடக்கிறார்?

மே 1, வெள்ளி

அண்ணி சாப்பிட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "உங்க கம்பெனியில மெத்தை மிதிச்சுப் பார்க்க ஆள் போதுமா?"

மே 2, சனி

சோதனை அறையில் இன்று ஒரு மெத்தை கூடுதலாக விரித்தோம். ரெட்டை ஸ்பிரிங். அண்ணி பட்டையை ஆணியில் மாட்டிவிட்டு ஏறினார்.