அவர் வாங்கிய கடன், நான் போட்ட கையெழுத்து

ஜூன் 11, 2007. திங்கள்

காலை ஏழுக்கே வெயில் சுள்ளென்று. கடல் காற்று மதியத்துக்கு மேல்தான் எட்டிப் பார்த்தது. மகள் யமுனாவுக்கு டியூஷன் ஆரம்பம். பிளஸ் டூ. தண்ணீர் பாட்டில் மூடியைக் காணோம் என்று ஒரே கத்தல்.

செய்ய வேண்டியவை:
அவர் ஆபீஸ் குவார்ட்டர்ஸை யமுனா பரீட்சை முடிய, மார்ச் வரை, விட்டுவைக்கச் சொல்லி மனு.
கேஸ் இணைப்பு என் பெயருக்கு மாற்ற.
கருணை வேலை மனு என்ன ஆயிற்று, விசாரிக்க.
இட்லி அரிசி.

அவர் போய் நான்கு மாதம். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், அவ்வளவுதான். வங்கியில் அவர் கடன் வாங்கியிருந்தது காரியம் முடிந்த மறுநாள்தான் எனக்குத் தெரியும். அதுவும் போனில்.

இன்று போன் ஒன்பது தடவை. கடைசியில் எடுத்தேன். வசூல்காரர் பாஸ்கர். முதல் மாதம் "மேடம்" என்பார். இப்போது: "இன்னாம்மா, போன எட்க்க மாட்டியா? வூட்டுக்காரர் வாங்கி துன்னுட்டு பூட்டாரு. நாங்க யாராண்ட போய் கேக்கறது?"

துன்னுட்டு. அவருக்கு வெற்றிலைகூடப் பழக்கமில்லை.

ரிசீவரைக் கீழே எடுத்து வைத்தால் ஆபீஸிலிருந்து மனு பற்றி அழைப்பு வந்தாலும் தெரியாது. திரும்ப வைத்தேன். உடனே அடித்தது.

ஜூன் 13. புதன்

இன்று எழுத்து கோணல்.

நாலரைக்கு காலிங் பெல். மூர்த்தி, அவருடைய தம்பி. செங்கல்பட்டில் சைக்கிள் கடை. கூடவே வெள்ளைச் சட்டையில் ஒருவன். குரலைக் கேட்டதும் தெரிந்தது, பாஸ்கர். டவுன்ஷிப் கேட்டில் யாரையும் சும்மா விடமாட்டார்கள். என் வீட்டு எண்ணைச் சொல்லி மூர்த்திதான் உள்ளே அழைத்து வந்திருக்கிறான்.

"அண்ணி, நேர்ல பேசி முட்சிக்கலாம்னு இட்டாந்தேன்."

பாஸ்கர் உட்கார்ந்ததும் பழையபடி "மேடம்". ஒரு தாள் நீட்டினான். முழுக்க ஆங்கிலம், பொடி எழுத்து. "அவரோட சம்சாரம் நீங்கதான்னு ஒரு லெட்டர், அவ்ளோதான். அப்பறம் ஒரு செக் குடுங்க. தொகை எய்த வேணாம். சும்மா ஃபைல்ல வெக்க."

செக் எதற்கு என்றேன். "அது எங்களாண்ட இருந்தா ஒரு மாசத்துக்கு போன் வராது, மேடம்."

யமுனா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூர்த்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. "போட்டுடுங்க அண்ணி. ஒண்ணும் ஆவாது. நான் கீறேன் இல்ல."

போட்டேன். இரண்டிலும்.

போன் வராது என்றதும் போட்டேன். அதற்காகவே போட்டேன்.

ஜூன் 14. வியாழன்

இட்லி மாவு புளித்துவிட்டது.

வீட்டுக்குப் போன் வரவில்லை. நான் வேலை பார்க்கும் நர்சரி பள்ளிக்குப் போயிருக்கிறது. தலைமை ஆசிரியை கூப்பிட்டார். "யாரோ ஒருத்தர் நீங்க ஏமாத்திட்டீங்கன்னு சொல்றார், மல்லிகா. வீட்டு விஷயம் ஸ்கூலுக்கு வரக்கூடாது." தற்காலிக வேலை. தலையாட்டிவிட்டு வந்து யு.கே.ஜி.க்கு 'ஆ' சொல்லிக்கொடுத்தேன்.

செக் கொடுத்தும் இப்படி என்றால் செக் எதற்கு?

மாலை பீரோவைக் குடைந்தேன். கடன் பத்திரத்தின் நகல், அவருடைய ஸ்வெட்டருக்கு அடியில். அதோடு பின் செய்த ஒரு ரசீது. திருப்போரூர் பக்கம் ஒரு மனைக்கு முன்பணம். அந்த மனைக் கம்பெனியின் போன் எண்ணைச் சுற்றினேன். அப்படி ஒரு எண்ணே இல்லை என்கிறது பதிவுக் குரல்.

போன வருஷம் கந்தசாமி கோயிலுக்குப் போனபோது பஸ்ஸைவிட்டு முன்னாலேயே இறக்கினார். வெள்ளைக் கல் நட்ட வெறும் பொட்டல். "காத்து நல்லா வருது இல்ல?" என்று கேட்டார். கால் சுடுகிறது, வாங்க போகலாம் என்றேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஏமாந்ததை என்னிடம் சொல்லாமலேயே மாதாமாதம் கடனைக் கட்டியிருக்கிறார். திட்டுவேன் என்று பயமா? திட்டியிருப்பேன்தான்.

ஜூன் 15. வெள்ளி

பள்ளிக்கு லீவு போட்டேன். அவர் ஆபீஸில் பென்ஷன் பிரிவு கீதாவிடம் மட்டும் சொன்னேன். அவள் பதறிவிட்டாள். "பிளாங்க் செக்கா! செங்கல்பட்டு கோர்ட்ல இலவச சட்ட உதவி மையம் இருக்கு. இப்பவே கிளம்புங்கக்கா."

திருக்கழுக்குன்றம் வழி பஸ். நின்றுகொண்டே போனேன். மையம் என்பது ஒரு அறை, இரண்டு மேசை, சுற்றாத ஃபேன். வக்கீல் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். என் வருமானத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். "பெண்களுக்கு வருமானம் பார்க்கறதில்லம்மா. உக்காருங்க."

வக்கீலம்மா சொன்னவை, மறக்காமல் இருக்க:

கடனில் நான் கையெழுத்துப் போடவில்லை. அதனால் அவர் விட்டுப்போன சொத்து இருந்தால் அந்த அளவுக்குத்தான் கேட்கலாம். என் சொந்தப் பணத்தைக் கேட்க முடியாது. பி.எஃப்., கிராஜுட்டி, குடும்ப பென்ஷன் எதையும் ஜப்தி செய்ய முடியாது. வசூலுக்கு வருபவன் அடையாள அட்டையும் வங்கியின் கடிதமும் காட்டவேண்டும். மிரட்டக்கூடாது, வேலை செய்யும் இடத்தில் அவமானப்படுத்தக்கூடாது. செய்தால் வங்கிக்கும் போலீஸுக்கும் எழுத்தில் புகார்.

கேட்கக் கேட்க நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் வக்கீலம்மா கேட்டார்: "இவ்வளவு இருக்க, செக் ஏம்மா குடுத்தீங்க?"

"போன் வராதுன்னான்" என்றேன்.

"செக் திரும்பினா ஜெயில்னு மிரட்டுவாங்க. உங்க மேல இல்லாத கடனுக்கு வாங்கின லெட்டர், செக்னு நாம கோர்ட்ல சொல்லலாம். ஆனா அலையணும், வருஷக்கணக்கில. பணம் போயிட்டா அதுக்கும் மேல கஷ்டம். இன்னிக்கே பேங்குக்குப் போய் நிறுத்துங்க."

எழுந்திருக்கும்போது கடன் நகலைப் புரட்டியவர், "ஜாமீன் போட்ட மூர்த்தி யாரு?" என்றார்.

என் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். விரலை வைத்துக் காட்டினார். மூர்த்தியின் கோணல் கையெழுத்து. கடன் வாங்கியவர் இறந்தால் ஜாமீன்தாரரை முழுத்தொகைக்கும் பிடிக்கலாமாம்.

திரும்பும் பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு ஒரு ஸ்டாப் தாண்டி இறங்கினேன். ஓட்டம். என் கணக்கு இருக்கும் வங்கியில் கவுன்ட்டர் மூடும் நேரம். "நாளைக்கு வாங்க மேடம்." நகரவில்லை. அழுதேன் என்று நினைக்கிறேன். எந்தத் தாள் கொடுத்தேன் என்று செக் புத்தகத்தில் விட்டுப்போன எண்ணைப் பார்த்து, அதை நிறுத்தச் சொல்லி எழுதினேன். நகலில் முத்திரை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

ஜூன் 17. ஞாயிறு

புழுக்கம். சங்கரா மீன் விலை கேட்டுவிட்டு முட்டை வாங்கினேன்.

மூர்த்தியை வரச்சொல்லியிருந்தேன். யமுனாவைத் தோழி வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை.

"அண்ணன் போட சொல்லிச்சி, போட்டேன். என்னாண்ட இன்னா கீது அண்ணி? கடைய வித்தாகூட தேறாது."

"அதுக்கு என்னை மாட்டிவிட்டியா?"

"உங்களுக்கு ஆபீஸ்லேந்து பணம் வந்துகீதே."

"அது யமுனா படிப்பு. மார்ச்சுக்கு அப்புறம் நாங்க தலை சாய்க்கற வீட்டுக்கு அட்வான்ஸ். செக்கை நிறுத்திட்டேன் மூர்த்தி."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப அவனுங்க என் வூட்டாண்டதான் வருவானுங்க. ரெண்டு பொட்டப் புள்ள வெச்சிகினு கீறேன்." போட்ட காபியைத் தொடாமல் போனான்.

எங்களுக்கு மகன் இல்லை. அவருக்குக் கொள்ளி வைத்தது மூர்த்தி. அன்று மொட்டைத் தலையோடு என் காலடியில் உட்கார்ந்து அழுதவன். இவன்மேல் எனக்கு முழுசாகக் கோபம்கூட வரமாட்டேன் என்கிறது.

ஜூன் 19. செவ்வாய்

என் வங்கியிலிருந்து போன். செக் வந்துவிட்டது. முழுத் தொகையும் எழுதி, தேதி போட்டு. நிறுத்தச் சொன்னதால் திருப்பிவிட்டார்களாம்.

முத்திரை வாங்கிய நகலை எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அந்தக் கவுன்ட்டரை விட்டு நகர்ந்திருந்தால்?

யமுனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மனை உட்பட. "அப்பா முட்டாளாம்மா?" என்றாள். இல்லை என்றேன்.

ஜூன் 25. திங்கள்

கரண்ட் இல்லை, இரண்டு மணி நேரம்.

பதிவுத் தபால். கடன் கொடுத்த வங்கியின் வக்கீல் நோட்டீஸ்: செக் திரும்பியதால் பதினைந்து நாளில் கட்டு, இல்லாவிட்டால் கிரிமினல் வழக்கு. பள்ளி விட்டதும் செங்கல்பட்டு. வக்கீலம்மா முன்பே வங்கிக்குக் கடிதம் அனுப்பியிருந்தார், இதற்கும் பதில் எழுதினார். "கேஸ் போட்டா வந்து நிக்கணும். நிப்பீங்க இல்ல?"

நிற்பேன் என்றேன். வேறு எங்கே போக.

என் போன் அடிப்பது நின்றுவிட்டது. நிம்மதி இல்லை. மூர்த்தி வீட்டில் அடிக்கும்.

ஜூன் 28. வியாழன்

பதினொன்றரைக்குப் பள்ளிக்குப் போன். மூர்த்தியின் மனைவி செல்வி. "அக்கா, ரெண்டு பேரு கடையாண்ட வந்து குந்திகினு கீறானுங்க. இவரு உள்ள ஷட்டர சாத்திகினு கீறாரு. கூப்ட்டா பேச மாட்டேன்றாரு. பயமா கீதுக்கா."

என்னை மாட்டிவிட்டவன். போகவேண்டாம் என்று நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அரை நாள் லீவு எழுதினேன். தலைமை ஆசிரியை வாங்கிக்கொண்டு, பதிவேட்டில் முந்தின லீவைத் தேடிப் பார்த்தார். அதுவே பயமாக இருந்தது.

கடைக்கு முன்னால் பாஸ்கர், பைக்கில் சாய்ந்துகொண்டு. இன்னொருவன் தெருவுக்கே கேட்கும்படி, "சாவுக்காசு துன்ற குடும்பம்டா இது!" எதிர் டீக்கடையில் கூட்டம். செல்வி படியில் சிறியதை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"வாம்மா," என்றான் பாஸ்கர். "நீயே வன்ட்ட."

அவன் பைக்குக்கு முன்னால் போய் நின்றேன். கேட்டேன். "உங்க அடையாள அட்டையக் காட்டுங்க."

சிரித்தான்.

"பேங்க் கடிதம்?"

"இன்னா, சட்டம் பேசறியா?"

பையிலிருந்து நோட்டை எடுத்து இரண்டு பைக் எண்ணையும் எழுதினேன். எழுதும்போதே பேசினேன், டீக்கடைக்கும் கேட்கட்டும் என்று. "கடன் இருந்தா கோர்ட்ல கேளுங்க, வந்து நிக்கறோம். இப்படி தெருவுல கத்தினா நேரா ஸ்டேஷனுக்குப் போறேன். இவங்க எல்லாரும் பார்த்துக்கிட்டுதான் இருக்காங்க."

டீக்கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டு வெளியே வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அது போதுமாக இருந்தது. பாஸ்கர் பைக்கை உதைத்தான். "நாளைக்கி வரேன். நீ எத்தினி நாளு வந்து நிப்பேன்னு பாக்கறேன்."

ஷட்டரைத் தட்டினேன். "நான்தான் மூர்த்தி. போயிட்டாங்க." ரொம்ப நேரம் கழித்து முழங்கால் அளவு தூக்கினான். உள்ளே புழுக்கமும் ரப்பர் நாற்றமும். சட்டை நனைந்து, டியூப் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டான். சனிக்கிழமை கோர்ட்டுக்கு, வக்கீலம்மாவிடம் வா, தவணை பிரித்து முடிக்க வழி இருக்கிறதாம், நீயே கேள் என்றேன். பணம் தரமாட்டேன் என்பதையும் சொன்னேன். தலையாட்டினான்.

நாளை எனக்கு லீவு கிடையாது. செல்வியைக் கூப்பிட்டு, பாஸ்கர் வந்தால் கேட்க ஒரு தாளில் எழுதினேன். உன் பேர் என்ன. அட்டை எங்கே. கடிதம் எங்கே. எழுத்தில் கொடு. அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை தாளைப் பார்க்காமல், குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, தெருவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"இன்னொரு வாட்டி சொல்லட்டாக்கா?"

சொல் என்றேன். நான் திரும்ப வேண்டிய பஸ் போய்விட்டது.