நான் எழுதி வைத்த தப்பு நேரம்

எருசலேம், நவம்பர் 10, செவ்வாய்

எல்யாகிம் அண்ணா,

நேற்று நாள்காட்டியில் ஒரு கட்டம் தள்ளிப் பார்த்துவிட்டேன். பிற்பகல் பிரார்த்தனை தொடங்கும் நேரம் என்று நான் எழுதி வைத்தது சூரியன் மறையும் நேரம். நீ போய்ச் சேர்வதற்குள் எல்லோரும் முடித்துவிட்டார்கள். “சூரியன வழியனுப்பிட்டு வர்றியா?” என்று ஜெப ஆலயத்துப் பெரியவர் பெசாலேல் கேட்டதைச் சொல்லி நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு நீயே, “விட்ட பிரார்த்தனைக்கு ராத்திரி ரெண்டு தடவ நின்னு சொல்லி ஈடு கட்டிட்டேன். அப்பாவுக்குச் சொல்லாம போன கத்தீஷுக்கு என்ன பண்றது, தீர்சா?” என்றாய். அப்பா இறந்து ஏழு மாதம்தான் ஆகிறது. பத்துப் பேர் நடுவே நின்று, இறந்த தகப்பனுக்காக மகன் சொல்ல வேண்டிய பிரார்த்தனை அது. தவறவிட்டது நீயல்ல, நான்.

இன்று ஜெப ஆலயத்துக்கே போன் செய்து கேட்டேன். 4.25க்குத் தொடக்கம், 4.43க்கு மறைவு. இரண்டு முறை சரிபார்த்தேன். ஆனாலும் என்னை நம்பாதே, நான்கு மணிக்கே போய்விடு. பருப்பு சூப் அடுப்பில் இருக்கிறது. நட்சத்திரம் தெரிந்து, இரவுப் பிரார்த்தனையும் முடித்து வந்து சூடாக்கிக்கொள்.

தீர்சா

பி.கு. நேற்று அதைக் கேட்டுவிட்டு நேராகப் போய்ப் படுத்துவிட்டாய். கோபமா, துக்கமா என்று கேட்கப் பயமாக இருந்தது.

நாளை எனக்கு வகுப்பு இல்லை. நான்கு மணிக்குப் பெண்கள் பகுதியில் வந்து உட்கார்ந்து, நீ கத்தீஷ் சொல்லும்போது நான் ஆமென் சொல்ல வேண்டும்.